லெகோ மாட்டு ரயில்: கட்டி, மாற்றி, நெடுநாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எண்ணெய்த் தாங்கிப் பெட்டி, கொள்கலப் பெட்டி எல்லாம் கட்டுவது சுலபம். நாலு பக்கமும் மூடிய சுவர், தன்பாட்டில் நிற்கும். மாட்டுப்பெட்டி அப்படியல்ல. உள்ளே நிற்கும் மாடு மூச்சுவிட வேண்டும் என்பதால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளி விட்டுத்தான் உண்மையான பெட்டிகளைச் செய்தார்கள். அந்த வெளிதான் பெட்டிக்கு அழகு. லெகோவில் அதைக் கட்டும்போது அந்த வெளிதான் பெட்டியின் பலவீனமும். ஓட்டை நிறைந்த ஒரு சுவரை நாள்தோறும் கையால் தூக்கி வைக்கும் அளவுக்கு உறுதியாக்குவது எப்படி என்பதே இந்த வேலையில் முக்காற்பங்கு. மோட்டார், ரிமோட், தண்டவாளம் எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

கடைத் தொகுப்பிலிருந்து தொடங்க நினைப்பவர்களுக்கு: 2014இல் வந்த 60052 சரக்கு ரயிலில் ஒரு மாட்டுப்பெட்டி உண்டு. இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும். அதன் ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது. ரிமோட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மறைப்பு இருக்கக்கூடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடல் நோக்கிய மாடி வீடுகளில் பின்னேர வெயில் அறைக்குள் நேராக அடிக்கும்போது அது கட்டளையைத் தவறவிடும். 2018இல் வந்த 60198 சரக்கு ரயிலிலிருந்து புளூடூத் முறைக்கு மாறிவிட்டார்கள். அதில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாகத் தொடங்குபவர் புளூடூத் மோட்டாரையும் ஹப்பையும் (பற்றரியும் கட்டளை வாங்கும் கருவியும் சேர்ந்த பெட்டி) எடுத்துக்கொண்டு பெட்டிகளைத் தானே கட்டுவதுதான் எங்கள் சிபாரிசு. ஒரு முழுத் தொகுப்பில் மாட்டுப்பெட்டி ஒன்றுதான் வரும். மாட்டு ரயில் என்று சொல்லக் குறைந்தது மூன்று பெட்டி வேண்டும்.

அகலம்: முதலில் இதைத் தீர்மானியுங்கள்

லெகோ தண்டவாளத்தின் உள் அகலம் 37.5 மில்லிமீற்றர். இலங்கை ரயில்பாதை அகலப்பாதை, 1676 மில்லிமீற்றர். வகுத்தால் ஏறத்தாழ 1:45 வரும். உலகின் பெரும்பகுதியில் உள்ள 1435 மில்லிமீற்றர் பாதைக்கு இதே கணக்கு 1:38. அதாவது வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டும் பெட்டி நம் பாதை அளவுக்குச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். லெகோ அளவெல்லாம் கட்டையின் மேலே துருத்தும் குமிழில்தான்; ஒரு குமிழ் பிடிக்கும் அகலம் 8 மில்லிமீற்றர். 6 குமிழ் அகலப் பெட்டி 48 மில்லிமீற்றர். நம் அளவில் அது 2.15 மீற்றர், ஒல்லி. 8 குமிழ் என்றால் 2.86 மீற்றர். கண்ணுக்கு 8தான் சரி.

ஆனால் வளைவு ஒத்துக்கொள்ள வேண்டும். லெகோ வளைவின் ஆரை, நடுக்கோட்டுக்கு 40 குமிழ். 24 குமிழ் நீளமான பெட்டியில் இரண்டு போகிகளின் (பெட்டிக்கு அடியில் திரும்பும் சில்லுச் சட்டங்கள்) நடுவும் 16 குமிழ் இடைவெளியில் இருந்தால், வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாக 0.8 குமிழும், நுனிகள் வெளிப்பக்கமாக 1 குமிழும் தள்ளும். 6 அகலப் பெட்டிக்கு நுனி நடுக்கோட்டிலிருந்து 4 குமிழ் போகும். சிலிப்பர்க் கட்டையின் விளிம்பும் அங்கேதான், தப்பிவிடும். 8 அகலத்துக்கு 5 குமிழ். அதாவது சிலிப்பர் விளிம்பையும் தாண்டி 8 மில்லிமீற்றர். வளைவுக்குப் பக்கத்தில் பிளாட்போம், மரம், சமிக்ஞைக் கம்பம் என்ன வைத்தாலும் இடிக்கும். 28 குமிழ் நீளம், போகி இடைவெளி 20 என்றால் நடுவில் 1.25, நுனியில் 1.2. நீளத்தைக் கூட்டினாலும் தள்ளல் கூடும்.

தரையில் விரித்து ஓட்டிவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் போடும் வீடுகளுக்கு 6 அகலம். நிரந்தரமாக ஒரு பலகையில் பொருத்தி வைப்பவர்களுக்கு 8. கீழே சொல்லும் கணக்கெல்லாம் 6×24 பெட்டிக்கு. 8 ஆக்க விரும்பினால் பக்கச் சுவர் அப்படியே இருக்கட்டும், தரையையும் நுனிச்சுவரையும் கூரையையும் மட்டும் 2 குமிழ் கூட்டினால் போதும்.

சுவர்

வேலித் துண்டுகளை வரிசையாக நட்டுச் சுவராக்குவது எல்லோரும் முதலில் செய்வது. 1×4×2 கம்பி வேலி பார்க்க நன்றாகவே இருக்கும், துண்டும் குறைவு. ஆனால் அதன் தலையில் இரண்டு குமிழ்கள் மட்டுமே. பெட்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கினால் மேல்வரிசை கழன்று வரும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கிழமைக்குள் இதைப் பார்க்கலாம். அத்தோடு அது பண்ணை வேலிபோல நிற்குமே தவிர, ரயில் பெட்டியின் கிடைப்பலகைத் தோற்றம் வராது.

நிலைத்து நிற்பது தகட்டு முறை. தகடு என்பது கட்டையில் மூன்றிலொரு பங்கு உயரமான துண்டு. நீளமான 1×10 தகடுகள்தான் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 1×1 தகடுகளைத் தூணாக வைத்தால் 3.2 மில்லிமீற்றர் வெளி கிடைக்கும். பெட்டியின் நடுவில் 4 குமிழ் கதவு போக, ஒரு பக்கத்துக்கு 10 குமிழில் இரண்டு சட்டங்கள், மொத்தம் நான்கு.

அடியில் 1×10 கட்டை ஒன்று. அது முழுக் கட்டையாகவே இருக்கட்டும். சுவரின் பிடி அங்கேதான் தரையோடு சேருகிறது. அதன் மேல் 1ஆம், 4ஆம், 7ஆம், 10ஆம் குமிழ்களில் 1×1 தகடு, அவற்றின் மேல் 1×10 தகடு. இதை ஐந்து தடவை திரும்பச் செய்யுங்கள். உயரத்தைத் தகட்டில் எண்ணினால் கட்டை 3, வெளியும் பலகையும் 10, ஆக 13. நுனிச்சுவர் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே 4 குமிழ் அகலத்தில் அடைத்த சுவராக நிற்கட்டும்: 1×4 கட்டை இரண்டு, 1×4 தகடு இரண்டு, பிறகு ஒரு 1×6 தகடு, 1×4 கட்டை ஒன்று, 1×4 தகடு ஒன்று. இதுவும் 13தான்.

நடுவில் வரும் அந்த 1×6 தகட்டைக் கவனியுங்கள். அது மூன்றாம் பலகையின் மட்டத்தில் இரு பக்கச் சுவர்களின் மூலைக்கும் போய் உட்காருகிறது. அதற்கு இடம்விட, அந்த மட்டத்தில் மட்டும் 1×10 தகட்டுக்குப் பதில் மூலையை விட்டு 1×8 தகடும், கதவோரம் ஒரு 1×1 தகடும் வையுங்கள். இந்த ஒரு பூட்டு இல்லாவிட்டால் நாலு சுவரும் நாலு தனிச் சுவர்கள். எங்கள் முதற்கட்டப் பெட்டிகள் எல்லாம் மூலையில் வாய் பிளந்ததற்கு இதுதான் காரணம்.

மேலே வளையம். ஒரே அடுக்கு போதாது, இரண்டு வேண்டும். முதல் அடுக்கில் பக்கத்துக்கு 1×12 தகடு இரண்டு, கதவின் மேலாகவும் ஓடும்; நுனியில் 1×4. இரண்டாம் அடுக்கில் நுனியில் 1×6, பக்கத்தில் 1×6, 1×10, 1×6 என்ற வரிசை. நடுவில் வரும் 1×10 தகடு, கீழே இரண்டு 1×12 தகடுகள் சந்திக்கும் இடத்தை மூடிக் கதவுக்கு மேல்நிலையாகிறது. இத்தோடு சுவர் 15 தகடு, 48 மில்லிமீற்றர், சரியாக ஐந்து கட்டை உயரம்.

ஒரு பெட்டியின் சுவருக்கு வேண்டியதைத் துண்டு எண்ணோடு தருகிறோம். இணையத்தில் தனித்துண்டாக வாங்கும்போது உதவும். தகடு 1×1 (3024) 84, 1×4 (3710) 8, 1×6 (3666) 8, 1×8 (3460) 4, 1×10 (4477) 18, 1×12 (60479) 4. கட்டை 1×4 (3010) 6, 1×10 (6111) 4. மூன்று பெட்டிக்கு 1×1 தகடு மாத்திரம் 252 வரும். தொலைந்துபோவதையும் சேர்த்து 270 வாங்குங்கள். கடைக்குக் கடை தபால் செலவு தனித்தனி என்பதால், 1×10 தகட்டையும் 1×12 தகட்டையும் ஒன்றாக வைத்திருக்கும் விற்பனையாளரைத் தேடுவதுதான் பணம் மிச்சப்படுத்தும் வழி. மற்றவை எங்கும் கிடைக்கும்.

புறக்கோட்டையில் முதலாம், இரண்டாம் குறுக்குத் தெருக்களில் கிடைக்கும் மலிவான பொருந்து கட்டைகளை இதில் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிளாட்போம், பட்டி, வீடு, மரம் இவற்றுக்குத் தாராளமாகக் கலக்கலாம். இந்தச் சுவரின் 1×1 தூணுக்கு மட்டும் வேண்டாம். ஒரு தகடு 0.05 மில்லிமீற்றர் தடித்திருந்தாலும் ஐந்து வெளிக்கு 0.25 ஏறிவிடும். பக்கச் சுவர் நுனிச்சுவரைவிட உயர்ந்து நிற்கும், மேல்வளையம் மூலையில் அமராது. அமரவில்லை என்று அழுத்த அழுத்த அடியில் கழலும். சுவரில் ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரியும், எது என்று கண்டுபிடிக்க முடியாது.

நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். மரப்பெட்டி என்றதும் கை செம்பழுப்பு நிறத்துக்குப் போகும். பழைய செம்பழுப்புத் துண்டுகள், குறிப்பாக 2000களிலும் 2010களின் முற்பகுதியிலும் வந்தவை, மொறுமொறுப்பாகி உடையும் குணமுள்ளவை. மெல்லிய தகடும் கிளிப்பும்தான் முதலில் போகும். பழைய கட்டை மூட்டையிலிருந்து எடுத்துக் கட்டுபவர்கள் பலகைக்கு வேண்டுமானால் அதைப் போடலாம், கழற்றாமல் விட்டால் நிற்கும். கதவுக்கும் பிணைச்சலுக்கும் கறுப்போ அடர் சாம்பலோ போடுங்கள். உண்மைப் பெட்டியிலும் இரும்புப் பாகம் வேறு நிறந்தானே.

கதவும் கூரையும்

தள்ளுகதவு பார்க்க உண்மையானது. 6 அகலப் பெட்டியில் அதற்கு ஒதுக்க இடமில்லை. உள்ளே 4 குமிழ்தான் இருக்கிறது, அதில் ஒன்றைக் கதவுக்குக் கொடுத்தால் மாடு நிற்காது. ஆகவே கீழே விழுந்து சாய்தளமாகும் கதவு. தரையின் விளிம்பில், கதவு வெளியில், கைப்பிடி உள்ள 1×2 தகடு இரண்டு. சாய்தளத்துக்கு 4×4 தகடும் 1×4 தகடும் நெருக்கி வைத்து, இரண்டும் சேரும் இடத்துக்கு மேல் 2×4 டைல் (மேலே குமிழ் இல்லாத தகடு) ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று. பிணைச்சல் பக்கத்தில் மிஞ்சும் ஒரு வரிசையில் கிளிப் உள்ள 1×1 தகடு இரண்டு. மொத்த நீளம் 5 குமிழ், 40 மில்லிமீற்றர்; கதவு வெளியின் உயரம் 41.6.

கதவு சுவருக்கு வெளியே தொங்குவதால் உரசாது. ஆனால் பெட்டியின் நடுவில் ஏறத்தாழ ஒரு குமிழ் துருத்தி நிற்கும். நடுப்பகுதிதான் வளைவில் உள்பக்கம் தள்ளுவது என்று மேலே சொன்னோம். இரண்டும் சேர்ந்தால் நடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 5 குமிழ். வளைவின் உள்பக்கத்தில் சிலிப்பரை ஒட்டி எதையும் வைக்க வேண்டாம், இரண்டு குமிழ் விட்டு வையுங்கள். ஓடும்போது கதவு தானாக விழுவதும் உண்டு. கிளிப் தளர்ந்துபோனதன் அடையாளம் அது. கிளிப்பை நசுக்கிச் சரிப்படுத்தப் பார்க்க வேண்டாம், உடையும். புதிதாக இரண்டு போடுங்கள். பெட்டியில் முதலில் தேய்வது இந்தக் கிளிப்தான் என்பது எங்கள் அனுபவம். மோட்டாரோ சில்லோ அல்ல.

ஏற்றுமிடத்துப் பிளாட்போமின் உயரத்தை எண்ணிப் பார்த்து வைக்காதீர்கள். பெட்டியைத் தண்டவாளத்தில் நிறுத்தி, பக்கத்தில் தகடுகளை அடுக்கி, தரை மட்டத்துக்கு ஒரு தகடு தாழ்வாக நிறுத்துங்கள். சாய்தளம் கொஞ்சம் இறங்கினால்தான் அழகு. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு பெட்டி நீளமாவது தள்ளிப் பிளாட்போம் வரட்டும். பெட்டியின் முன்பாதி வளைவுக்குள் போனவுடனேயே பின்பாதி விலகத் தொடங்கிவிடும்.

கூரையை முழுதாகக் கழற்றும்படி செய்தால் சுவர்கள் நடுவில் வெளியே வளையும். 24 குமிழ் நீளத்துக்குக் குறுக்குப் பிடி எதுவும் இல்லையே. ஆகவே கூரையை மூன்றாகப் பிரியுங்கள். நடு 4 குமிழ், கதவுக்கு மேலே, 4×6 தகடு இரட்டையாக நிலைத்திருக்கட்டும். அதுவே குறுக்குப் பிடி. இரு பக்கமும் 6×10 தகடு ஒவ்வொன்று, கழற்றக்கூடியது. அவை உட்காரும் வளையத்தின் மேல் டைல் பரப்பி, நுனிக்கு ஒரு குமிழ் மட்டும் விடுங்கள். அப்போது விரலால் தட்டினால் திறக்கும், தலைகீழாகத் தூக்கினால் விழாது. எல்லாக் குமிழையும் விட்டால் கூரையைக் கழற்றும்போது சுவரும் சேர்ந்து வரும்.

உள்ளே நிற்பவை

லெகோவின் வார்ப்புப் பசு 2009இல் 7637 பண்ணைத் தொகுப்போடு வந்தது. நன்றாகச் செய்த உருவம், ஆனால் ஐரோப்பியப் பால்மாடு. நம் பக்கத்துத் திமில் மாட்டை வேண்டுமானால் கட்டித்தான் ஆக வேண்டும். அதுவும் நல்லதுக்கே. கட்டிய மாட்டை இடத்துக்கேற்ற அளவில் செய்யலாம்.

ஒரு மாட்டுக்கு 19 துண்டுகள். கால் நாலுக்கும் 1×1 வட்டத் தகடு இரண்டிரண்டாக எட்டு. அதன் மேல் 2×4 தகடு. அதன் மேல் முன்பக்கம், பக்கவாட்டில் இரு குமிழ் உள்ள 1×2 கட்டை, குமிழ் முன்னே பார்க்க. பின்னே 2×3 கட்டை. இரண்டையும் கட்டிப்பிடிக்க நடுக்குமிழ் கொண்ட 2×2 ஜம்பர், அதற்குப் பின் 2×2 டைல். ஜம்பரின் ஒற்றைக் குமிழில் 1×1 சாய்வுத் துண்டு வைத்தால் அதுதான் திமில். தலைக்கு, முன்னே பார்க்கும் இரு குமிழில் 1×2 ஜம்பர், அதில் இரு பக்கமும் குமிழ் உள்ள 1×1 கட்டை, அதன் நுனியில் ஒரு வட்டத் தகடு மூக்காக. பக்கக் குமிழ்களில் பல் உள்ள 1×1 தகடு இரண்டு, பல் மேலே நோக்க: கொம்பு.

உயரம் திமிலோடு 28.8 மில்லிமீற்றர், நீளம் 48. 1:45 அளவில் திமில் உயரம் 1.29 மீற்றர், நல்ல வளர்ந்த காளை. முழுக்கக் கறுப்பிலும் அடர் சாம்பலிலும் கட்டித் திமிலுக்குப் பதில் டைல் வைத்து, கொம்பைப் பின்னோக்கித் திருப்பினால் எருமை. கறுப்பு எருமை நாலும் வெள்ளைத் திமில் மாடு இரண்டும் கலந்து நிற்கும் பெட்டி, பலகை வெளியூடாகப் பார்க்கும்போது தரும் மகிழ்ச்சி தனி.

உள்வெளி 22×4 குமிழ். மாடு 6 நீளம், 2 அகலம். இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு மாடு நிற்கும், 4 குமிழ் நீளம் மிச்சம்.  தரை முழுக்கக் குமிழாக இருந்தால் மாட்டைப் பிடுங்கும்போது கால் கழன்று தரையிலேயே நிற்கும். முழுக்க டைலாக இருந்தால் முதல் வளைவில் எல்லாம் சரியும். டைல் பரப்பி, மாட்டுக்கு ஒரு முன்காலும் எதிர்ப்பக்கப் பின்காலும் மட்டும் பிடிபடும்படி இரண்டு குமிழ் விடுவது போதுமான பிடி.

இழுப்பது

ஹப்புக்கு ஏஏஏ பற்றரி 6, ரிமோட்டுக்கு 4. சில்லறைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கார்பன்–சிங்க் பற்றரி மோட்டாரின் சுமையைத் தாங்காது. வேகம் சட்டென்று விழும், மறந்து விட்டால் கசியும். கொழும்பின் ஈரப்பதத்தில் கசிந்த பற்றரியின் முனைகள் விரைவாகப் பச்சை பிடிக்கும். அல்கலைன் ஆறும் சேர்ந்து 9 வோல்ட், மீள்மின்னேற்றம் செய்யும் நிக்கல் பற்றரி ஆறும் 7.2 வோல்ட். பின்னதில் உச்ச வேகம் குறையும். மாட்டு ரயிலுக்கு உச்ச வேகம் எதற்கு? கடைசிவரை ஒரே சீராக இழுக்கும், அதுதான் வேண்டும். இரண்டு கூட்டம் பற்றரியும் ஒரு சார்ஜரும் வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு செலவில்லை. ஓட்டி முடிந்ததும் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

சில்லு சுற்றுகிறது, ரயில் நகரவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். மோட்டாருக்கு மேலே பாரம் இல்லை. ஹப்பைப் பற்றரியோடு மோட்டாருக்கு இயன்றளவு நேர் மேலே வையுங்கள். மோட்டார்ச் சில்லின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்: தூசி ஏறிப் பளபளத்தால் ஈரத் துணியால் துடைத்தால் பிடி திரும்பும், வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சினுக்கு நம் ஊர் முகம் கொடுக்க விரும்புபவர்கள் இலங்கை ரயில்வேயின் இரண்டு டீசல் எஞ்சின் வகைகளில் ஒன்றைத்தான் தேடுகிறார்கள்: கனேடிய மாகாணங்களின் பெயர் தாங்கி 1954 முதல் வந்த M2, அல்லது மொன்றியலில் செய்து 1975இல் வந்த M4. இரண்டுமே ஒடுங்கிய முதுகுள்ள எஞ்சின்கள், இரு பக்கமும் நடைபாதை. இங்கேதான் 6 அகலம் கைவிடுகிறது. ஹப்பின் அகலமே 4 குமிழ். 4 குமிழ் முதுகுக்குள் அதை மறைக்க முடியாது. 8 அகலத்தில் 6 குமிழ் முதுகு கட்டினால் ஹப் உள்ளே அடங்கும். 6லேயே கட்ட வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: எஞ்சினை வெறும் கூடாக விட்டு, மோட்டாரையும் ஹப்பையும் அடுத்த மாட்டுப்பெட்டியில் வைப்பது. உள்வெளி 4 குமிழ், ஹப் சரியாக உட்காரும். பலகை வெளியூடாக ஹப் தெரியாமலிருக்க அந்தப் பெட்டிக்கு மட்டும் வெளிகளை மஞ்சள் தகடுகளால் அடைத்து வைக்கோல் ஏற்றியதாகக் காட்டலாம். கழற்றும் கூரை இருப்பதால் ஹப்பின் பொத்தானுக்கும் கை போகும். எஞ்சின் இலேசாகிவிடுவதால் பெட்டி தள்ளும்போது தடம்புரளாமல் இருக்க, அதன் இரு போகிக்கும் மேலே கொஞ்சம் அடைத்த கட்டை வையுங்கள். M4க்கு ஒரு போகியில் மூன்று அச்சு. மூன்றும் தண்டவாளத்தைத் தொட்டால் 40 குமிழ் வளைவில் நடுச்சில்லு ஏறிவிடும். நடுவிலுள்ளது தொடாமல் தொங்கும் அலங்காரமாக இருக்கட்டும்.

பெட்டிகளின் ஒழுங்கு முக்கியம். மாடு நிறைந்த பெட்டி எஞ்சினுக்கு அடுத்து, காலிப்பெட்டி வாலில். மாற்றி வைத்தால் பின்னாலுள்ள பாரம் இழுக்க, நடுவிலுள்ள இலேசான பெட்டி வளைவின் உள்பக்கமாகச் சாய்ந்து கவிழும். காந்தக் கொக்கி விட்டுப் போவது எப்போதும் முதற்கொக்கியில்தான், முழு ரயிலின் பாரமும் அதில் இருப்பதால். அதைக் குறையாகப் பார்த்து இரும்புக் கம்பியால் கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள், செய்ய வேண்டாம். பெட்டி எங்காவது மாட்டிக்கொள்ளும்போது கொக்கி விடுவதால்தான் மோட்டார் பிழைக்கிறது. அடிக்கடி விட்டால் சில்லு அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு பெட்டியையும் தனியாக விரலால் தள்ளிப் பாருங்கள்; முந்தி நிற்பதுதான் குற்றவாளி. தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பசையாக்கும்.

இடமும் பராமரிப்பும்

16 வளைவு சேர்ந்தால் முழு வட்டம். சிலிப்பர் விளிம்போடு 704 மில்லிமீற்றர் விட்டம். நாலடிக்கு நாலடிப் பலகையில் வட்டமும் ஒரு பட்டியும் அடங்கும். எஞ்சினும் மூன்று பெட்டியும் 85 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும், வட்டத்தின் சுற்றளவு 2 மீற்றர். ரயில் தன் வாலைத் தானே துரத்துவதுபோலத் தெரியும். பக்கத்துக்கு நாலு நேர்த்தண்டவாளம் போட்டால் நீளம் இன்னும் 512 மில்லிமீற்றர் கூடும், அப்போதுதான் ஓட்டம் ஓட்டமாக இருக்கும். வழுக்கும் டைல் தரையில் மூட்டுகள் மெல்ல மெல்ல விலகும். மெத்தென்ற நுரைப்பாய் அமுங்கி மூட்டை வளைக்கும். ஒட்டுப்பலகைதான் நல்லது. இரு பக்கமும் பெயின்ற் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் வளைந்து கொடுக்கும்.

பெட்டியின் பக்கத்தில் எழுதுவதற்குத் தொகுப்போடு வரும் ஸ்ரிக்கர்கள் கரையோர ஈரப்பதத்தில் நுனி எழும்பும். நாமே அச்சிடுவதென்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய நிலையப் பெயர்ப்பலகை இல்லாமல் இந்த ரயில் முழுமை பெறாது. கல் ஓயாச் சந்தி நல்ல தெரிவு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பாதை பிரியும் இடம், ஒரு பிரிபாதை வாங்கினால் அதையே காட்டலாம். 1×8 டைலின் அளவுக்குத் தாளை வெட்டி, மேலே ஒளிபுகும் ரேப்பைத் தாளைவிட ஒரு மில்லிமீற்றர் பெரிதாக ஒட்டி, நகத்தால் ஓரத்தைத் தேயுங்கள்.

பலகை வெளிகளில் தூசி தங்கும். தூரிகையால் தட்டுவது மாதத்துக்கு ஒருமுறை போதும். கழுவுவதென்றால் 40 பாகைக்கு மேற்படாத தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும். மோட்டார், ஹப், உலோக அச்சுள்ள சில்லு, காந்தக் கொக்கி இவற்றைக் கழற்றிவிட்டுத்தான். வெயிலில் காயப்போட வேண்டாம், வெள்ளையும் சாம்பலும் மஞ்சளிக்கும். மின்விசிறியின் கீழ் துணியில் பரப்புங்கள். மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேல் பருவகாலத்தில் 1×1 தகட்டின் உட்குழிவில் தங்கும் நீர் காய இரண்டு நாளும் எடுக்கும்.

கடலோர வீடுகளில் உலோக அச்சில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு சில்லுகளையும் கொக்கிகளையும் வைத்தால் தடுக்கலாம். கடதாசிப் பெட்டியும் வழிகாட்டிப் புத்தகமும் எறும்புக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் இரை. புத்தகத்தைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அதே பெட்டியில் ரப்பர் வளையம் இரண்டு சோடி, கறுப்புக் கிளிப் தகடு நாலு, 1×1 தகடு ஒரு கைப்பிடி, பல் தகடு நாலைந்து போட்டு வையுங்கள். கொம்புதான் அதிகம் தொலைகிறது.